மெக்கானிக்கைப் பார்த்ததும் சரியாகிவிடும் வண்டி

சாவியைத் திருப்பியதும் டேங்கிலிருந்து 'ங்ஙீ' என்று இரண்டு மூன்று விநாடி ஓர் இரைச்சல் வந்து அடங்கும். செல்ஃப் பட்டனைத் தொடுமுன்பே பெட்ரோல் பம்ப் குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதிகள் நாடு முழுவதும் அமலுக்கு வந்தன. அதன் பிறகு புதுச்சேரித் தெருக்களில் இறங்கிய ஸ்கூட்டர், பைக் அநேகமாக எல்லாவற்றிலும் கார்புரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. முன்பு பெரும்பாலான பைக்குகளில் பெட்ரோல் தன் எடையாலேயே கீழே இறங்கி இன்ஜினுக்குப் போனது. இப்போது அதைத் தள்ள ஒரு மோட்டார் வேண்டும். மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும். அது வந்து சேர ஃப்யூஸ், ரிலே, கப்ளர், எர்த் எல்லாம் வரிசையாக ஒழுங்காக இருக்க வேண்டும்.

இதனால் பழுதின் குணமே மாறிவிட்டது. கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தால் அதைச் சுத்தம் செய்யும்வரை அடைப்பு அடைப்புதான். மின்சாரம் வரும் வழியில் ஓர் இணைப்பு தளர்ந்தாலோ சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. முதலியார்பேட்டையிலோ முத்தியால்பேட்டையிலோ ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கடை வாசலில் இப்படி ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்:

"காமராஜர் சாலை சிக்னல்ல பொசுக்குனு நின்னுடுச்சுண்ணே. பத்து நிமிஷம் கழிச்சு அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி எடுக்குது."

"இப்ப நல்லாத்தானே தம்பி ஓடுது. ஓடுற வண்டியில நான் எதைப் பார்க்கறது?"

இருவர் சொல்வதும் நியாயம். முறைக்காய்ச்சல்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தில் உடம்பு சில்லென்று இருப்பதைப் போல, பழுது இல்லாத நேரத்தில்தான் வண்டி கடைக்கு வருகிறது. இங்கே 'எங்கே பழுது?' என்பதைவிட 'எப்போது பழுது?' என்பதுதான் முதல் கேள்வி. 'மின்சாரம் வருகிறதா?' என்பதைவிட 'மோட்டார் சுற்றும்போது அதற்கு எவ்வளவு மிஞ்சுகிறது?' என்பது இரண்டாவது கேள்வி. இந்த இரண்டையும் கேட்காமல் ஸ்பானரை எடுத்தால் நல்ல பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, கெட்ட கம்பியை வண்டியிலேயே விட்டுவிடுவோம்.

தொட்டுக்கொண்டிருந்தால் போதுமா?

கப்ளருக்குள் ஒரு பின் இன்னொரு உலோக நாக்கை அழுத்திக்கொண்டிருக்கிறது. கண்ணுக்கு இரண்டும் முழுப் பரப்பிலும் ஒட்டியிருப்பதாகத் தெரியும். உண்மையில் அப்படி இல்லை. எவ்வளவு வழவழப்பான உலோகத்தையும் நுண்ணோக்கியில் பார்த்தால் மேடும் பள்ளமும்தான். இரண்டு பரப்புகளும் ஒன்றையொன்று தொடுவது சில மேடுகளின் உச்சியில் மட்டும். மின்தொடர்புகளைப் பற்றி வாழ்நாள் முழுவதும் ஆராய்ந்த ராக்னர் ஹோல்ம் என்ற ஸ்வீடன் இயற்பியலாளர் இந்தப் புள்ளிகளைத்தான் கணக்கிட்டுக் காட்டினார். பம்புக்குப் போகும் மின்சாரம் முழுவதும் இந்தப் பொடிப்பொடிப் புள்ளிகள் வழியாகவே நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. சில புள்ளிகள் விட்டுப்போனாலும் மீதியிருப்பவற்றின் மேல் சுமை ஏறும்.

இன்ஜின் அதிரும்போது பின்னும் நாக்கும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்கு உரசிக்கொண்டே இருக்கும். பின்னின் மேல் பூசிய வெள்ளீயம் தேயும். தேய்ந்த தூள் காற்றோடு சேர்ந்து ஆக்சைடாகும். ஆக்சைடு மின்சாரத்தை எளிதில் விடாது. அடுத்த உரசலில் அந்தத் தூள் கொஞ்சம் விலகினால் தொடர்பு வரும். மறுபடி அடியில் புகுந்தால் போய்விடும். இதை உரசல் அரிப்பு என்பார்கள். இது பைக்கோடு நிற்கும் விஷயம் அல்ல. அமெரிக்காவின் எஃப்-16 போர் விமானங்கள் சில விழுந்ததற்குக் காரணம் தேடியபோது, எரிபொருளை அடைக்கும் பிரதான வால்வுக்குப் போகும் கப்ளரில் வெள்ளீயம் பூசிய பின்கள் இப்படி உரசி அரித்திருந்ததைக் கண்டார்கள். யாரும் சொல்லாமலே வால்வு மூடிக்கொண்டு எரிபொருள் நின்றிருந்தது.

நின்றுபோன வண்டியின் டேங்கையோ ரிலேவையோ தட்டினால் ஸ்டார்ட் ஆவதற்கும் காரணம் இதுதான். தட்டினால் தொடர்பு மாறும் என்பதை அறிவியல் உலகம் வேறொரு வழியில் முன்பே கண்டிருந்தது. 1890-இல் பாரிஸில் எட்வார் பிரான்லி என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ஒரு கண்ணாடிக் குழாயில் உலோக அரத்தூளை நிரப்பி மின்சாரம் செலுத்திப் பார்த்தார். தூள் துகள்கள் ஒன்றையொன்று அரைகுறையாகத் தொட்டிருந்ததால் மின்சாரம் சரியாகப் போகவில்லை. பக்கத்தில் ஒரு மின்பொறியை உண்டாக்கியதும் சட்டென்று கடத்தத் தொடங்கியது. குழாயை விரலால் சுண்டினால் பழையபடி அடங்கிவிட்டது. ஆரம்பகாலக் கம்பியில்லாத் தந்திக் கருவிகளில் இந்தக் குழாயையும், ஒவ்வொரு சைகைக்குப் பிறகும் அதைத் தட்டிவிட ஒரு குட்டிச் சுத்தியலையும் வைத்தார்கள். கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் இதே வகைக் கருவியை மேம்படுத்தினார். அரைகுறைத் தொடர்பு நிலையற்றது, ஓர் அதிர்வு போதும் அதைப் புரட்டிப்போட. பிரான்லி அதை வேலைக்கு வைத்துக்கொண்டார். நம் வண்டியில் அது வேலையைக் கெடுக்கிறது.

உப்புக்காற்றும் வெள்ளமும்

புதுச்சேரியில் இந்த வேலைக்கெடுப்புக்குக் கூடுதல் துணை உண்டு. கடற்கரைச் சாலையிலோ குருசுக்குப்பத்திலோ இரவெல்லாம் நிற்கும் வண்டியின் மேல் அலை தெறித்த உப்பின் நுண்துகள்கள் படிகின்றன. சாதாரண உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் தானாகவே நீரை இழுத்துக் கசியும். கடல் உப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடோ அதில் பாதிக்கும் குறைவான ஈரத்திலேயே நனைந்துவிடும். கப்ளருக்குள் புகுந்த உப்பு விடியற்காலையில் ஈரமாகி உலோகத்தை அரிக்கும். நண்பகல் வெயிலில் ஓரளவு உலரும். காலையில் முரண்டு பிடித்துவிட்டு மதியம் சாதுவாக ஓடும் வண்டியில் சந்தேகத்தை முதலில் இங்கே வைக்கலாம். செப்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு இருந்தால் சந்தேகம் உறுதியாகும்.

வெள்ளம் இன்னும் மெதுவான எதிரி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. தாழ்வான நகர்களில் வண்டிகள் சீட் வரை நீரில் நின்றன. தண்ணீர் வடிந்ததும் ஆயில் மாற்றி, ஸ்பார்க் பிளக் துடைத்து ஓட்டத் தொடங்கினால் வேலை முடிந்ததாகத் தோன்றும். ஆனால் கம்பிக்குள் இருக்கும் மெல்லிய செப்பு இழைகளுக்கு நடுவே முடியளவு இடைவெளிகள் உண்டு. நுண்புழை ஏற்றத்தால் தண்ணீர் அந்த வழியே இன்சுலேஷனுக்குள் ஏறிவிடும். வெளியே போக வழியில்லை. மாதக்கணக்கில் உள்ளிருந்தே இழைகளைக் கறுக்கவைத்து ஒவ்வொன்றாக அறுக்கும். வெளித்தோல் பளபளப்பாக இருக்கும். உள்ளே ஏழெட்டு இழைகளில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சியிருக்கும்.

12 வோல்ட் சொல்லும் பொய்

பம்ப் கப்ளரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் அதில் வைத்துச் சாவியைத் திருப்பினால் 12 வோல்ட் காட்டுகிறது. 'கரண்டு வருது, பம்புதான் போச்சு' என்று தீர்ப்பு எழுதிவிடுவது இங்கேதான். அவசரப்படாமல் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

மல்டிமீட்டரின் உள்மின்தடை பொதுவாக ஒரு கோடி ஓம். 12 வோல்ட்டில் அது இழுக்கும் மின்சாரம் ஓர் ஆம்பியரில் ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒரு பங்கு. வழியில் 1,000 ஓம் மின்தடையுள்ள மோசமான இணைப்பு இருந்தாலும் அங்கே இழக்கப்படுவது ஒரு மில்லிவோல்ட் சொச்சம்தான். மீட்டர் 12 என்றே காட்டும். ஒற்றை இழை மிஞ்சிய கம்பியும் அதன் கண்ணுக்குப் புதுக் கம்பிதான்.

பம்பை மாட்டியதும் கதை வேறு. காரின் பம்ப் 4 முதல் 7 ஆம்பியர் வரை இழுக்கும். 4 ஆம்பியர் என்றே வைத்துக்கொள்வோம். இணைப்பில் வெறும் அரை ஓம் மின்தடை இருந்தால் 4 × 0.5 = 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். பம்ப் மெதுவாகச் சுற்றும். வீட்டுத் தெருவில் ஓட்டும்போது தெரியாது. அரும்பார்த்தபுரம் மேம்பாலத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது இன்ஜின் திக்கும். இழந்த 2 வோல்ட்டும் சும்மா போகவில்லை. 2 × 4 = 8 வாட் வெப்பமாகி ஒரு பின்னின் மேல் இறங்குகிறது. சூட்டில் நாக்கின் வில்விசை தளரும். தளர்ந்தால் மின்தடை கூடும். மின்தடை கூடினால் சூடும் கூடும். கடைசியில் தொடர்பு விட்டு வண்டி நிற்கும். நின்றதும் மின்சாரம் இல்லை, சூடு ஆறும், உலோகம் சுருங்கிப் பழைய இடத்துக்கு வந்து தொடும். சிக்னலில் நின்ற வண்டி பத்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கிளம்பியதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான். அந்தக் கப்ளரைக் கழற்றிப் பார்த்தால் பின்னைச் சுற்றிப் பிளாஸ்டிக் பழுப்பேறியிருக்கும்.

ஓம் அளந்து பார்ப்பதும் உதவாது. அரை ஓமைத் தேடுகிறோம். மீட்டரின் கம்பிகளுக்கே ஓர் ஓமில் பத்தில் இரண்டு மூன்று பங்கு மின்தடை உண்டு. தவிர, மீட்டர் அனுப்பும் மிகச் சிறிய மின்சாரத்தில் இணைப்பு சூடாகாது. சூடாகாத இணைப்பு பழுதைக் காட்டாது.

அதனால் கைதேர்ந்தவர்கள் பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளப்பார்கள். கப்ளரைக் கழற்றாமல், பின்பக்கமாக ஒரு மெல்லிய ஊசியைக் கம்பியோடு ஒட்டி உள்ளே விடுவார்கள். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை பம்பின் பிளஸ் கம்பியில். இப்போது மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்துபோன வோல்ட்டேஜ். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கம் ஏதோ இருக்கிறது. அடுத்து பம்பின் மைனஸ் கம்பியிலிருந்து பேட்டரி மைனஸுக்கு. இங்கே 0.2 வோல்ட்டுக்குமேல் இருக்கக் கூடாது. பலரும் மறந்துவிடுவது இந்த எர்த் பக்கத்தைத்தான். சேஸிஸில் துருவேறிய ஒரு போல்ட்டின் அடியில் நசுங்கியிருக்கும் எர்த் முனைக்கும் பிளஸ் கம்பியின் அளவுக்கே பொறுப்பு உண்டு.

எந்தப் பக்கம் என்று தெரிந்தபின் வழியைப் பாதியாக வெட்டித் தேடலாம். பேட்டரியிலிருந்து ரிலே வரை ஓர் அளவு, ரிலேயிலிருந்து பம்ப் வரை ஓர் அளவு. இழப்பு இருக்கும் பாதியை மறுபடி பாதியாக்கினால், எட்டு இணைப்புகள் இருந்தாலும் மூன்று அளவில் குற்றவாளி சிக்கிவிடும்.

பழுதை வரவழைப்பது

இதெல்லாம் பழுது இருக்கும் நேரத்தில்தான் பலிக்கும். இல்லாதபோது அதை வரவழைக்க வேண்டும். பம்பை ஓடவிட்டு, மீட்டரைப் பார்த்துக்கொண்டே கம்பிக்கட்டை அங்கங்கே அசைப்பது முதல் வழி. ஹேர் டிரையரால் ரிலேவைச் சூடாக்குவது இரண்டாவது. 1990-களின் ஹோண்டா கார்களில் மெயின் ரிலேக்குள் சால்டரிங் வெடித்து, வெயிலில் நின்ற கார் மட்டும் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தியது மெக்கானிக்குகள் உலகெங்கும் அறிந்த கதை. மழையில் மட்டும் நிற்கும் வண்டிக்குத் தண்ணீர் தெளித்துப் பார்ப்பது மூன்றாவது. சூடு, ஈரம், அதிர்வு மூன்றையும் ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. எதற்குப் பழுது வந்தது என்று தெரியாமல் போய்விடும்.

அப்படியும் வராத பழுதுக்கு ஒரு பல்பு சாட்சி சொல்லும். பம்பின் இரு கம்பிகளிலும் ஒரு சிறிய பல்பை ஃப்யூஸோடு சேர்த்துக் கட்டி, ஹேண்டில்பாரில் கண்ணில் படும்படி வைத்துவிட்டு வண்டியை உரிமையாளரிடமே கொடுத்துவிடுவது. வண்டி நிற்கும்போது பல்பு எரிந்துகொண்டிருந்தால் பம்பின் வாசல்வரை மின்சாரம் ஒழுங்காக வந்திருக்கிறது. பம்பின் உள்ளேயோ, பெட்ரோலுக்குச் சம்பந்தமே இல்லாத வேறிடத்திலோ தேட வேண்டும். பல்பு அணைந்திருந்தால் வழியில் கோளாறு.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பாதுகாப்புக்காக, இன்ஜின் சுற்றுவது நின்றால் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே பம்பை அணைத்துவிடும். இல்லாவிட்டால் விபத்தில் கவிழ்ந்த வண்டி பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே எதனால் நின்றாலும் கடைசியில் பல்பு அணையத்தான் செய்யும். முதலில் அணைந்தது பல்பா, இன்ஜினா என்பதே கேள்வி. ஹேண்டிலில் மாட்டிய மொபைலில் வீடியோ எடுத்தால் வரிசை தெரிந்துவிடும். இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் வேலை செய்யாமல் போனாலும் பம்ப் அணையும். வண்டி சாய்ந்தால் அணைக்கும் சென்சார், சைடு ஸ்டாண்ட் சுவிட்ச், கில் சுவிட்ச் ஆகியவற்றில் ஒன்று தளர்ந்தாலும் வண்டி அப்படியே நின்றுவிடும். இவற்றில் எதுவுமே பம்பின் குற்றம் அல்ல. ஸ்கேனர் மாட்டினால் எல்லாம் தெரிந்துவிடும் என்றும் நம்பியிருக்க முடியாது. பல வண்டிகளில் கம்ப்யூட்டர் ரிலேவின் காயிலைத்தான் கண்காணிக்கிறது. காயில் நன்றாக இருந்து, அதற்கப்பால் கம்பி அறுந்தால் எந்தப் பிழைக் குறியீடும் பதிவாகாது.

பம்பே குற்றவாளியானால்

பம்பும் கெடும். உள்ளே கார்பன் பிரஷ்கள் ஒரு செப்புச் சுற்றின் துண்டுகளைத் தொட்டுக்கொண்டு உரசுகின்றன. ஒரு துண்டு தேய்ந்து, மோட்டார் சரியாக அந்த இடத்தில் நின்றால் அடுத்த முறை கிளம்பாது. டேங்கின் அடியில் ஒரு தட்டு தட்டினால் கொஞ்சம் நகர்ந்து சுற்றத் தொடங்கும். கம்பியைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மீட்டரை ஆஸிலாஸ்கோப்போடு சேர்த்தால் ஒவ்வொரு துண்டும் திரையில் ஒரு மேடாகத் தெரியும். எட்டுத் துண்டு மோட்டாரில் எட்டு மேடுகள் 10 மில்லிவிநாடியில் வந்தால் விநாடிக்கு 100 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 6,000. எட்டில் ஒரு மேடு மட்டும் ஒவ்வொரு சுற்றிலும் குட்டையாகவே வந்தால் டேங்கைத் திறக்காமலே பம்பின் மேல் குற்றத்தை நிரூபித்துவிடலாம்.

தயாரிப்பிலேயே குறை வருவதும் உண்டு. 2020 ஜூலையில் மாருதி சுசுகி பெட்ரோல் பம்ப் கோளாறு இருக்கலாம் என்று 1,34,885 வேகன்ஆர், பலேனோ கார்களைத் திரும்ப அழைத்தது. ஹோண்டா 2021 ஏப்ரலில் 77,954 கார்களையும், 2024 அக்டோபரில் 90,468 கார்களையும் அழைத்தது. பெட்ரோலைத் தள்ளும் இம்பெல்லர் என்ற பிளாஸ்டிக் சக்கரத்தில் குறை இருக்கலாம், அதனால் ஓட்டத்தில் இன்ஜின் நிற்கலாம் என்பது ஹோண்டா சொன்ன காரணம். உலக அளவில் இதையொத்த திரும்பப்பெறல்களில் இம்பெல்லர் பெட்ரோலில் ஊறி உப்பி, உறையோடு உரசியது தெரியவந்தது. இரைச்சல் மாறுவதும் மோட்டார் வழக்கத்தைவிடக் கூடுதல் ஆம்பியர் இழுப்பதும் இதன் அறிகுறிகள்.

பம்பின் ஆயுளைக் குறைக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். பம்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல். புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்துக்காரர்கள் எல்லைக்குள் வந்து நிரப்பிக்கொள்வது வழக்கம். அதற்காக ரிசர்வ் விளக்கு எரிய எரிய ஓட்டி வந்தால் பம்ப் சூட்டில் வேகும். இன்னொன்று, 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய பெட்ரோலைவிடச் சற்றுக் கூடுதலாக மின்சாரத்தைக் கடத்தும், நீரையும் இழுத்து வைத்துக்கொள்ளும். டேங்குக்குள் இருக்கும் முனைகளுக்கு இது கூடுதல் சோதனை.

பெட்ரோலுக்குள் மின்மோட்டார் பொறி பறக்கச் சுற்றியும் ஏன் தீப்பிடிப்பதில்லை? பெட்ரோல் ஆவி காற்றில் சுமார் 1.4 முதல் 7.6 விழுக்காடு வரை கலந்திருந்தால்தான் தீப்பற்றும். மூடிய டேங்குக்குள் பொதுவாக ஆவி அதைவிட அடர்த்தி. எரியப் போதிய காற்று இல்லை. வெளியே எடுத்த பம்புக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. கழற்றிய பம்பைப் பட்டறை மேசையில் பேட்டரியில் நேராகத் தொட்டுப் பார்ப்பது ஆபத்து. குழாயைக் கழற்றுமுன் அழுத்தத்தையும் இறக்க வேண்டும். பல வண்டிகளில் அது 3 பார் அளவில் இருக்கும். பெட்ரோல் முகத்தில் பீய்ச்சியடிக்கும்.

சரியானது எது?

பம்ப் மாற்றினோம், வண்டி சரியாகிவிட்டது என்று கேள்விப்படும்போது ஒரு கேள்வி கேட்டே ஆக வேண்டும். பம்பை மாற்றக் கப்ளரைக் கழற்றி மறுபடி மாட்டினார்கள். அப்படி மாட்டும்போது பின்னின் மேல் படிந்த ஆக்சைடு தூள் வழித்துவிடப்பட்டு, புதிய உலோகம் தொட்டிருக்கும். சில வாரம் வண்டி நன்றாக ஓடும். பேர் புதுப் பம்புக்கு; உண்மையில் வேலை செய்தது கழற்றி மாட்டிய கை. தூள் மறுபடி சேர்ந்ததும் பழைய நோய் திரும்பும்; இம்முறை 'புதுப் பம்பும் டூப்ளிகேட்' என்று கடைக்காரர்மேல் பழி விழும்.

ஆகவே வண்டி நிற்கும்போது உரிமையாளர் சிலவற்றைக் குறித்துக்கொண்டு வரலாம்: இன்ஜின் சூடாக இருந்ததா, டேங்கில் பெட்ரோல் எவ்வளவு, மழையா வெயிலா, வேகத்தடை ஏறியதும் நின்றதா, மறுபடி சாவி போட்டபோது அந்த இரைச்சல் கேட்டதா, எவ்வளவு நேரத்தில் எடுத்தது. மெக்கானிக்குக்கு இது பாதி வேலை. மீதிப் பாதி அவருடையது. அதே சூட்டையோ ஈரத்தையோ அதிர்வையோ கொடுத்துப் பழுதை வரவழைக்க வேண்டும். இழப்பை அளந்து இடத்தைப் பிடிக்க வேண்டும். அந்த ஒன்றை மட்டும் சரிசெய்ய வேண்டும். பிறகு அதே சோதனையை மறுபடி செய்து, மீட்டர் அசையாமல் இருப்பதைக் காட்ட வேண்டும். பழுதை வரவழைக்கத் தெரிந்தவர் சொன்னால்தான் அது போய்விட்டது என்பதை நம்பலாம்.